ஒரு ஜெல்லுக்காக நான்கு முறை மலை இறங்கினேன்

மார்கழிப் பனியில் ஏற்காடே போர்வைக்குள் கிடக்கும்போது, நான் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வாசற்படியில் விசிறியோடு உட்கார்ந்திருப்பேன். வயது 51. மாதவிடாய் நின்று ஒன்றரை ஆண்டு. இரவில் நாலைந்து தடவை நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறும் தீ.

சேலத்தில் முதலில் பார்த்த டாக்டர், இந்தச் சூட்டுக்கு ஹார்மோன் சிகிச்சை என்று நான் வாயெடுத்ததுமே, "புற்றுநோய் வரும் அம்மா, எல்லாப் பெண்களும் தாங்கவில்லையா?" என்று முடித்துவிட்டார். வயதைக்கூடக் கேட்கவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஏறியதற்குக் கிடைத்தது கால்சியம் மாத்திரை.

இரண்டாவது டாக்டர் உட்காரவைத்துப் பேசினார். அந்தப் பயம் 2002-இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஆய்விலிருந்து வந்தது. அதிலிருந்த பெண்களின் சராசரி வயது 63. இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் பத்தாயிரம் பேருக்கு ஆண்டுக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடியது. ஆபத்தே இல்லை என்று அவரும் சொல்லவில்லை. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கினால், வேறு தடை இல்லாத பெரும்பாலோருக்கு நன்மையே மிகுதி என்றார். அக்காவுக்குக் காலில் ரத்தம் உறைந்ததைச் சொன்னேன். உடனே, "அப்படியானால் மாத்திரை வேண்டாம், தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஜெல்தான்" என்றார். ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுவது விழுங்கும் மாத்திரைதானாம். கர்ப்பப்பை இருப்பதால் கூடவே புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன்; இல்லையேல் அதன் உட்சுவர் தடித்து அங்கே புற்றுநோய் வரலாம். கேட்காமலேயே குடும்பக் கதையைச் சொல்லிவிடுங்கள்.

மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேக்கு, இறங்கிய அன்று டாக்டர் சீட்டு ஏற்காட்டு மேசையில். சீட்டில்லாமல் எடுக்க மாட்டார்களாம். திரும்பினேன். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று அக்குளில் பவுடர் போடாதீர்கள், படத்தில் புள்ளியாக விழும்.

நான்காம் முறை மேமோகிராம், ஸ்கேன் எல்லாம் சுத்தம். மருந்துக் கடையில்தான் வயிறு எரிந்தது. "ஜெல் இல்லை, இதுவும் அதே ஹார்மோன்தான்" என்று மாத்திரை அட்டையை நீட்டினார் பையன். அக்காவின் வீங்கிய கால் கண்ணில் வந்தது. "அதே இல்லை தம்பி" என்று தள்ளிவிட்டு மூன்று கடை ஏறினேன். மூன்றாவதில் இருந்தது.

ஆறு வாரம் ஆகிறது. தொடையில் தடவிவிட்டுக் கை கழுவுகிறேன். ஒரே சிரமம், அது காயும்வரை மடியில் ஏறத் துடிக்கும் பேத்தியைத் தள்ளி நிறுத்துவது. குழந்தையின் தோலில் பட்டுவிடக் கூடாது.