மருந்தாளுநரின் நேரத்துக்கு யார் கூலி தருவது?

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை, மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே பயிற்சி பெற்ற மருந்தாளுநர் தரலாம் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2019-இல் சட்டம் இயற்றியது. இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப்பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு அந்தச் சட்டத்தைப் படித்தபோது பெரிதாகப் பட்டது அதிகாரம் அன்று, கூலி. ஆபத்து நேருமுன்பே காப்பாகச் சாப்பிடும் மாத்திரையைத் தினமும் ஒன்று வீதம் தொடங்கிவைக்குமுன், ஏழு நாட்களுக்குள் எடுத்த எச்.ஐ.வி. பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். சிறுநீரகம், கல்லீரல் அழற்சி 'பி' பற்றிக் கேட்க வேண்டும். கூச்சப்படுபவரிடம் பொறுமையாகப் பேச வேண்டும். மாத்திரை அட்டையின் விற்பனை இலாபத்தில் இந்த நேரத்துக்குக் கணக்கு கிடையாது. அதனால்தான், ஏழைகளுக்கான அம்மாநில அரசுக் காப்பீடு, இந்தச் சேவைக்காக மருத்துவருக்குத் தரும் கட்டணத்தில் 85 விழுக்காட்டை மருந்தாளுநருக்குத் தருகிறது.

அந்நாட்டின் மற்றோர் அரசுக் காப்பீடான, முதியோருக்கான மெடிகேரின் கதை வேறு. 2024 செப்டம்பர் இறுதியிலிருந்து அது இம்மாத்திரைகளுக்கு நோயாளியிடம் காசு வாங்காமல் முழுச் செலவையும் ஏற்கிறது. ஆனால் மருத்துவச் சேவை அளிப்போர் என்று சட்டம் வகுத்த பட்டியலில் மருந்தாளுநர் இல்லாததால், ஆலோசனைக்கான கட்டணத்தை அவர் தம் பெயரில் கேட்க முடியாது. மருந்துக்குப் பணம் உண்டு, மருந்தைப் பற்றிப் பேசியவருக்கு இல்லை.

நம் கடற்கரையில் கேள்வியே வேறு விதமாக எழுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பதும் மக்களுக்குத் தெரியும். ஆனால் அந்த அட்டை பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலில் படுத்த பிறகுதான் பயன்படுகிறது, வருமுன் காப்பதற்கோ கட்டில் கிடையாது. எச்.ஐ.வி. சிகிச்சை இங்கே காப்பீட்டுக்கு வெளியிலேயே வளர்ந்தது. 2004-இல் நாட்டிலேயே முதல் வரிசையில் தாம்பரத்தில், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை இலவசமாகத் தருவது தொடங்கியது. பரிசோதனையும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். மாத்திரைகளையும் நம் நாட்டு ஆலைகளே மலிவாகச் செய்கின்றன. நமக்கு இல்லாதது, உரிய நேரத்தில் உரிய இடத்தில் நிற்கும் ஆள்.

நேரம் என்று நான் சொல்வது கடிகாரக் கணக்கு. முன்பே மாத்திரை சாப்பிடாமல், எச்.ஐ.வி. தொற்றக்கூடிய ஆபத்துக்கு உள்ளாகிவிட்டவர் 72 மணி நேரத்துக்குள், இயன்றவரை சில மணி நேரத்திலேயே, தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் சாப்பிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பற்பசைகளையே பார்த்துக்கொண்டு நின்ற ஓர் இளைஞர், மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, தேவையே இல்லாத ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு, "அண்ணே, ஒரு விசயம்" என்றார். (ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) சீட்டு இல்லாமல் அந்த மருந்தைத் தர எனக்கு அனுமதி இல்லை, கடையில் இருப்பும் இல்லை. அரசு மருத்துவமனைக்கு உடனே போகச் சொன்னேன். "அங்கன எங்க சித்தி நர்சா இருக்காகண்ணே" என்றார்.

மருந்துக்கடை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதே அமெரிக்கர்களின் முதன்மையான வாதம். இங்கே பக்கத்தில் இருப்பவர் உறவுக்காரராகவும் இருப்பார். பாம்பனில் இருப்பவர் இதற்காக இராமநாதபுரம் போவார். இராமநாதபுரத்தார் மதுரைக்குப் பேருந்து ஏறுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கேரளப் பக்கம் வேலைக்குப் போனவருக்கு ஊர்க் கடையால் என்ன பயன்? ஆகவே எந்த ஊர்க் கடையிலும் செல்லுபடியாகும் ஏற்பாடுதான் உதவும். அதையும் குடும்ப அட்டையோடு பிணைத்த காப்பீட்டில் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எச்.ஐ.வி. நிலையை ஒருவரின் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரே அட்டை என்றிருக்கும்போது, அந்த அட்டையில் எதற்குப் பணம் போனது என்று வீட்டில் கேள்வி எழாமலா இருக்கும்?

எனக்குத் தோன்றும் வழி, முதல் சில நாட்களுக்கான மாத்திரைகளை மட்டும் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் தரவும், எஞ்சியவற்றையும் பரிசோதனையையும் அரசு மையம் பார்த்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் தருவது. மருந்தாளுநரின் கூலியை, பெயர் இல்லாத ஓர் எண்ணை மட்டும் வைத்து, எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமே நேரடியாகத் தருவது. இது கேள்விப்படாத புதுமை அன்று. காசநோய் மருந்து வாங்குவோர் விவரத்தை மருந்துக்கடைகள் அறிவிக்க வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. நோயாளியை அறிவிக்கும் தனியார் மருத்துவருக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகையும் உண்டு. கடைக்காரரின் கடமையையும், தனியார் சேவைக்கான கூலியையும் அரசு ஏற்கெனவே தனித்தனியாக ஒப்புக்கொண்டிருக்கிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் ஒருவருடையது, கல்லாவில் நிற்பவர் வேறொருவர் என்ற நிலை எத்தனையோ கடைகளில் இருக்கிறது என்பதைத் தொழிலில் உள்ள எவரும் மறுக்க மாட்டார்கள். ஆகையால் கூலி கடைக்குப் போகக் கூடாது. பயிற்சி முடித்து, அந்த நேரத்தில் கடையில் இருந்து மருந்தைக் கொடுத்த மருந்தாளுநரின் பதிவு எண்ணுக்கே போக வேண்டும்.