எரியாத சவரத்துக்கு வீட்டிலேயே ஓர் எண்ணெய்: செய்து பார்த்த குறிப்புகள்

இப்போது என் பாட்டிலில் இருக்கும் கலவையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் 30 மி.லி., ஹோஹோபா எண்ணெய் 10 மி.லி., விளக்கெண்ணெய் 10 மி.லி., மருந்துக் கடையில் கிடைக்கும் விட்டமின் ஈ மாத்திரை ஒன்றைக் குத்திப் பிழிந்த எண்ணெய். அவ்வளவுதான். வாசனைக்கு எதுவும் இல்லை, மூலிகை எதுவும் இல்லை. அடுப்பில் ஏற்றவும் தேவையில்லை. வெந்நீரில் கழுவி, வெயிலில் ஈரம் போகக் காயவைத்த பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினால் வேலை முடிந்தது. இந்த நிலைக்கு வர மார்கழியில் தொடங்கி ஆடி வரை ஆகிவிட்டது. அந்த வழியில் கண்டதையெல்லாம் எழுதிவைக்கிறேன்; என் போன்ற தோல் உள்ளவர்களுக்கு உதவும்.

என் தோல் எப்படி என்றால், கன்னம் பரவாயில்லை, தாடைக்குக் கீழே கழுத்துதான் பிரச்சினை. அங்கே முடி ஒரே திசையில் வளர்வதில்லை. இடப்பக்கம் சுழி போட்டு மேல்நோக்கிப் போகிறது. ஷேவ் செய்த அன்று மாலையே அந்த இடம் சிவந்து தடிக்கும், சட்டைக் காலர் பட்டால் எரியும், மறுநாள் பொரிப்பொரியாகக் கிளம்பும். வெட்டிய முடியின் கூர்முனை வளைந்து தோலுக்குள்ளேயே திரும்ப நுழைவதால் வரும் வீக்கம் அது. சுருட்டை முடிக்காரர்களுக்கு அதிகம் வரும். கடையில் வாங்கும் நுரைகளில் இருக்கும் வாசனைப் பொருள்கள் அதன் மேல் இன்னொரு எரிச்சலைக் கொண்டுவந்தன. அழகுப் பொருள்களால் வரும் தோல் ஒவ்வாமைக்கு மிக அடிக்கடி காரணமாக இருப்பது வாசனைப் பொருள்கள்தான். அதனால் என்ன சேர்ப்பது என்பதைவிட எதையெல்லாம் தவிர்க்கலாம் என்றுதான் நான் யோசிக்கத் தொடங்கினேன்.

முதலில் எடுத்தது வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெய். கோயம்புத்தூரில் மார்கழிக் காலையில் அது பாட்டிலுக்குள் உறைந்து கிடந்தது. 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் கெட்டிப்பட ஆரம்பித்துவிடும். உருக்கி முகத்தில் தடவினாலும் குழாய்த் தண்ணீர் பட்டதும் மறுபடி வெள்ளையாகத் திரண்டு பிளேடில் அப்பிக்கொள்கிறது. அதோடு, முகப்பரு வருகிறவர்களுக்கு அது தோலின் துளைகளை அடைக்கும் என்ற பெயரும் உண்டு. வெயில் காலத்தில் வழுக்கல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வருடம் முழுக்க ஒரே மாதிரி நடந்துகொள்ளும் எண்ணெய்தான் எனக்கு வேண்டும். மரச்செக்கு நல்லெண்ணெயும் முயன்றேன். தோலுக்கு ஒன்றும் செய்யவில்லை. வாடைதான் மதியம் வரை போகவில்லை. சாதத்தில் ஊற்றிக்கொள்ளும்போது பிடிக்கிற மணம், மேலுதட்டில் உட்கார்ந்திருக்கும்போது பிடிக்கவில்லை. எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது.

பாதாம் எண்ணெய் தேடியபோது ஒரு விஷயம் தெரிந்தது. பாதாம் படம் போட்டுத் தலைக்குத் தேய்க்க விற்கும் பல எண்ணெய்களில், பொருள்பட்டியலின் முதல் பெயர் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில்தான். பாதாம் கடைசியில் கொஞ்சம் இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றில் விளக்கெண்ணெயைக் கலந்து வைத்தேன். குலுக்கியதும் பால் போலக் கலங்கியது, மறுநாள் காலையில் அடியில் ஓர் அடுக்கு, மேலே ஓர் அடுக்காகப் பிரிந்து நின்றது. விளக்கெண்ணெயில் பெரும்பங்கு, ஏறக்குறைய 85 முதல் 90 சதவீதம், ரிசினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். சமையல் எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்களில் இல்லாத ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த இணைப்பு) அதில் உண்டு. அதனால்தான் அது அவ்வளவு கெட்டியாக இருக்கிறது, அதனால்தான் தண்ணீர் ஓடும் இடத்திலும் சட்டென வழிந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் மினரல் ஆயிலோடும் சேர மறுக்கிறது. சூரியகாந்தி போன்ற விதை எண்ணெய்களோடு தெளிவாகக் கலந்துவிடும்.

ஆக, வழுக்கலுக்கு உயிர் விளக்கெண்ணெய்தான். ஆனால் அதை வாங்கும்போது கவனம் வேண்டும். டவுன்ஹால் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டபோது கடைக்காரர் என்னை ஏறிட்டுப் பார்த்து, “ஏனுங்க தம்பி, உள்ளுக்குக் குடிக்கிறதுக்கா, மேலுக்குப் பூசறதுக்கா, விளக்குக்கா?” என்றார். “மேலுக்குத்தானுங்கண்ணா, மொகத்துக்கு” என்றதும், முன்னால் வைத்திருந்த பெரிய பாட்டிலை ஒதுக்கிவிட்டு உள்ளே போய் வெளிர் மஞ்சளில் ஒரு சிறு பாட்டில் எடுத்துவந்தார். அந்தக் கேள்வியை எல்லாக் கடைக்காரரும் கேட்க மாட்டார்கள். தீபத்துக்கென்று விற்பவை பல எண்ணெய்களின் கலவை, நிறமும் வாசனையும் சேர்த்தவை. அவை முகத்துக்கு ஆகாது. கொட்டையை வறுத்துக் காய்ச்சி எடுத்த கருநிற விளக்கெண்ணெயும் வாடை தூக்கலாக இருக்கும். குளிர்முறையில் பிழிந்த வெளிர் நிறமே இதற்கு ஏற்றது.

எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் அதிக நாள் செலவானது. பாதிக்குப் பாதி போட்டபோது விரலில் தேன் மாதிரி இழுத்தது. ரேசர் நகர மறுத்தது, கழுவக் கழுவப் பிசுக்குப் போகவில்லை. மூன்றில் ஒரு பங்கு கழுத்துக்கு நன்றாக இருந்தது, மேலுதட்டில் கனம். பத்தில் ஒரு பங்கு கன்னத்துக்குப் போதும், ஆனால் தாடையின் வளைவில் இரண்டாவது இழுப்புக்குள் வழுக்கல் தீர்ந்துவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கில் எல்லா இடத்துக்கும் ஒத்துப்போனது. அது சரியாக அமைந்த அன்று வித்தியாசம் காதிலேயே தெரிந்தது. நுரையில் ஷேவ் செய்யும்போது வரும் சரசர ஒலி போய், முடி அறுபடும் மெல்லிய ஒலி மட்டும் கேட்டது. கைக்குத் தோலின் இழுப்பு தெரியவில்லை.

அடிப்படை எண்ணெயாகச் சூரியகாந்தியில் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. சமையலுக்கு விற்கும் சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் அதிகம். தோலின் மேலடுக்கு தன் காப்பை அமைத்துக்கொள்ளப் பயன்படுத்தும் கொழுப்பு அமிலம் அது. ஆலிவ் எண்ணெயில் மேலோங்கி நிற்பது ஓலிக் அமிலம். எளிதில் சிவக்கும் தோலில் அது காப்பைத் தளர்த்தலாம் என்று தெரிந்ததால் அதை எடுக்கவில்லை. மரச்செக்கு எண்ணெயை விட்டுச் சுத்திகரித்ததை எடுத்ததும் யோசித்துத்தான். சமையலுக்கு நான் செக்கு எண்ணெய்க்காரன். முகத்துக்கு மட்டும் மணமும் மண்டியும் புரதத் துணுக்குகளும் இல்லாத எண்ணெயே மேல் என்பது என் கருத்து. ஹோஹோபா உண்மையில் எண்ணெய் இல்லை, திரவ நிலையில் இருக்கும் மெழுகு. அதனால் எளிதில் காறிப்போகாது, தோலில் பளபளவென்று நிற்காமல் படிந்துவிடும். விலைதான் கூடுதல், ராஜஸ்தானில் விளைவதால் இங்கேயே கிடைக்கிறது. கட்டுப்படியாகாவிட்டால் அந்த 10 மி.லி.க்கும் சூரியகாந்தியையே ஊற்றிக்கொள்ளலாம், பெரிய இழப்பு இல்லை.

விட்டமின் ஈ பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடுவதை அது தள்ளிப்போடும், கிருமி வளர்வதைத் தடுக்காது. கலவையில் தண்ணீரே இல்லாதவரை கிருமிப் பயம் இல்லை. ஈர விரலைப் பாட்டில் வாயில் வைக்கக்கூடாது என்பது அதனால்தான். கற்றாழைச் சோற்றை இதில் அரைத்துக் கலக்கலாமா என்று என் தங்கை கேட்டாள். கற்றாழையில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெயோடு சேராது, சில நாளில் கெட்டும் போகும். வேண்டுமானால் மஞ்சள் பால் வடிந்த பிறகு, நன்றாகக் கழுவிய சோற்றை ஷேவ் முடித்துத் தனியாகத் தடவிக்கொள்ளலாம்.

வாசனை எண்ணெய்களில் லாவெண்டர் ஒரு துளி சேர்த்த சிறு கலவையைத் தனியாகச் சோதித்தேன். முழங்கை மடிப்பின் உள்பக்கம், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, காலையும் மாலையும் ஒரே இடத்தில் ஒரு வாரம் தடவிப் பார்க்கும் முறை. வாரம் முடிவதற்குள் அந்த வட்டம் மட்டும் சிவந்து அரித்தது. பக்கத்திலேயே தடவிய வெறும் கலவை இருந்த இடம் அப்படியே இருந்தது. லாவெண்டரில் உள்ள லினலூல் என்ற வாசனைப் பொருள் காற்றுப்பட்டு மாறும்போது ஒவ்வாமை கிளப்பக்கூடியது. எலுமிச்சை எண்ணெய் வேறு விதம்: பிழிந்து எடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகும். இயற்கையானது என்பதால் மட்டும் எதுவும் சாதுவாகிவிடாது. இந்தச் சோதனையைத் தயவுசெய்து யாரும் தாண்டிப் போகாதீர்கள். முகத்தில் வந்தால் ஆற வெகுநாள் ஆகும்.

இனி, பூசும் விதம். கலவைக்குச் சமமாக இதுவும் முக்கியம் என்று இப்போது நம்புகிறேன். முடியை மிருதுவாக்குவது தண்ணீர், எண்ணெய் அல்ல. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறிய முடியை வெட்டக் குறைந்த விசை போதும். காய்ந்த முகத்தில் எண்ணெய் தடவினால் தண்ணீர் உள்ளே போவதே தடைபடும். அதனால் குளித்து முடித்ததும், துண்டால் துடைக்காமல், ஈர முகத்திலேயே நான்கைந்து சொட்டு. முதலில் முடிக்கு எதிர்த்திசையில் விரலால் தேய்த்தால் அடிவரை போகும், பிறகு முடியின் திசையில் நீவிவிட வேண்டும். அப்புறம் கையை நனைத்து ஒருமுறை மேலே தடவினால் வழுக்கல் கூடும். எந்தத் திசையில் முடி போகிறதோ அந்தத் திசையிலேயே சின்னச் சின்ன இழுப்பு. என் கழுத்துச் சுழியில் அது கீழிருந்து மேல். எதிர்த்திசையில் போவதே இல்லை. சொரசொரப்பு கொஞ்சம் மிஞ்சும், ஆனால் பொரி வராது.

ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜில் எண்ணெயும் முடியும் சேர்ந்து இடுக்கில் அடைத்துக்கொள்கிறது. சோப்புக் கரைத்த வெந்நீர் ஒரு மக்கில் வைத்து அடிக்கடி அலசினால் சமாளிக்கலாம். நான் பழைய மாதிரி இரட்டை முனை பிளேடு போடும் ரேசருக்கு மாறிவிட்டேன். ஒரே பிளேடு தோல் மட்டத்தோடு வெட்டுவதால் முடி உள்ளே திரும்பி வளர்வதும் குறைந்தது. சலூனில் செய்வது போலப் படிகாரத்தை முகம் முழுக்கத் தேய்க்கும் வழக்கத்தையும் நிறுத்தினேன். எண்ணெய்ப் படலத்தின் மேல் அது வெறுமனே வழுக்கும், எண்ணெய் இல்லாத இடத்தில் காந்தும். வெட்டுப்பட்ட புள்ளியில் மட்டும் ஒற்றிக்கொள்கிறேன். ஷேவ் செய்வதை ஷவருக்கு அடியில் வைத்துக்கொள்ளாமல் வாஷ்பேசினில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கெண்ணெய் சொட்டிய டைல்ஸ் தரையில் கால் நிற்காது.

ஒரு தரப்பினருக்கு மட்டும் இது வேண்டாம். புருவம், மூக்கோரம், தாடிக்குள் செதில் செதிலாக உரிகிறவர்களுக்கு அதன் பின்னால் பெரும்பாலும் மலசீசியா என்ற பூஞ்சை இருக்கும். இந்த எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்கள் அதற்கு உணவு. முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கழுத்து இப்போது எப்படி இருக்கிறது? சிவப்பு அனேகமாகப் போய்விட்டது. சுழி இருக்கும் இடத்தில் எப்போதாவது ஒன்றிரண்டு பொரி எழுகிறது, அதுவும் தொடர்ந்து தினமும் ஷேவ் செய்தால்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் வருவதில்லை.

சித்திரை, வைகாசி வெயிலில் பாட்டில் சன்னலோரம் இருந்தபோது லேசான காறல் வாடை தட்டியது. லினோலிக் அமிலம் அதிகமுள்ள எண்ணெய்க்கு அந்தக் குணம் உண்டு. அதன் பிறகு 50 மி.லி.க்கு மேல் கலப்பதில்லை, இருட்டு அலமாரியில்தான் வைக்கிறேன். அடுத்த கலவையில் சூரியகாந்தியில் பாதியை எடுத்துவிட்டுத் தவிட்டு எண்ணெய் ஊற்றலாம் என்று இருக்கிறேன். எண்ணெய் கெடுவதைத் தள்ளிப்போடும் ஒரைசனால் என்ற பொருள் அதில் இயல்பாகவே இருப்பதால் காறிப்போக இன்னும் நாளாகும். முழங்கை மடிப்புச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது, இதுவரை சிவப்பு இல்லை.