ஜிலேபி வரும்வரைதான் வரலாறு

சென்னை சவுகார்பேட்டையில் கடை கடையாகத் தின்றுகொண்டே நடக்கும் ஃபுட் வாக் கூட்டிப்போகிறவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தக் கடையில் ஆர்டர் சொன்னால் எத்தனை நிமிடத்தில் தட்டு கைக்கு வரும்? அந்த இடைவெளியை விட்டால் வரலாறு சொல்ல வேறு நேரமே கிடையாது. தட்டு வந்த பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியே எழுந்து வந்து பேசினாலும் ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கப் போவதில்லை.

பாதை எளிது. சாயங்காலம் ஐந்தரைக்குப் பாரிமுனை. அங்கிருந்து என்.எஸ்.சி. போஸ் சாலை வழியாக மின்ட் தெரு. மின்ட் தெருவில் மேய்ந்துவிட்டுத் திரும்பி வந்து, பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸில் முடித்துக்கொள்ளலாம். நான்கு கிலோமீட்டருக்குள்தான் வரும், ஆனால் மூன்று மணி நேரம் ஆகும். நடப்பதற்கு ஒரு மணி நேரம், நிற்பதற்கு இரண்டு.

முதல் நாளே வாட்ஸ்அப்பில் அறிவிப்பு போகும்: "மதியம் லேசாகச் சாப்பிட்டுவிட்டு வரவும்." இந்த 'லேசாக' என்பதற்கு நம் ஊரில் ஆளுக்கொரு அளவு. சாம்பார், ரசம், மோர் மூன்றும் உண்டு, அப்பளம் மட்டும் வேண்டாம் என்று சொன்னால் அது ஒருவருக்கு லேசு. இன்னொருவர் காலையிலிருந்து பட்டினி கிடந்து, பாரிமுனையிலேயே கண் இருட்டுகிறது என்பார். இரண்டாமவர்தான் பெரிய தொல்லை. வெறும் வயிற்றில் எண்ணெயும் நெய்யும் புளித்தண்ணியும் போனால் மூன்றாவது கடையில் உட்கார இடம் தேட வேண்டிவரும். மின்ட் தெருவில் உட்கார இடம் தேடுவதைவிட வீடு தேடுவது சுலபம். மதியம் ஒரு மணிக்கு இரண்டு இட்லி, கொஞ்சம் மோர், அதுதான் லேசு.

அளவுக் கணக்கும் இங்கேயே போட்டுவிட வேண்டும். வயிறு சௌகரியமாகக் கொள்வது ஏறக்குறைய ஒரு லிட்டர். போகப்போவது ஏழெட்டுக் கடை. ஆளுக்கொரு முழுத் தட்டு என்று ஆரம்பித்தால் நான்காவது கடையில் கதை முடிந்துவிடும். அதனால் பத்துப் பேர் குழுவுக்கு மூன்று பேருக்கு ஒரு தட்டு என்பது சட்டம். பானிபூரி ஒரு தட்டில் ஆறு வரும், ஆளுக்கு இரண்டு. ஊத்தப்பம் ஒன்றை மூன்றாகக் கிழிப்பது. லஸ்ஸி ஒரு கிளாஸை மூன்று டம்ளரில் ஊற்றுவது. லஸ்ஸியில் இளகிய மனசு காட்டக் கூடாது. முழு கிளாஸ் குடித்தவர் அதோடு அவுட், மிச்ச நேரம் வேடிக்கை பார்க்கத்தான் வருவார். முதல் கடையில் "என்ன தம்பி, கோயில் பிரசாதம் மாதிரி தர்றீங்க?" என்று சண்டை போடுகிற மாமாதான் ஆறாவது கடையில் தட்டு வருவதைக் கண்டு மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் ஒளிவார்.

பாரிமுனையில் தின்ன ஒன்றும் கொடுக்கப்போவதில்லை. ஆகவே வரலாறும் மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காது. காட்ட வேண்டியது டேர் ஹவுஸ் வளாகத்தில் நிற்கும் எல்லைத் தூண். செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டி இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம் பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கியோடு ஒளிந்துகொள்ள வசதியாக இருந்ததால், 1758-59 முற்றுகைக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் அதை இடித்துத் தள்ளி மைதானமாக்கினார்கள். இந்தக் கோட்டுக்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-இல் நட்ட ஆறு தூண்களில் மிச்சம் இது ஒன்றுதான். கோட்டுக்கு வடக்கே வளர்ந்த ஊருக்குத்தான் 1911-இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் வைத்தார்கள். இவ்வளவு போதும். நான்காவது நிமிடம் "சார், ஃபர்ஸ்ட் ஐட்டம் என்ன?" என்று குரல் வரும். அது வருவதற்குள் கிளம்பிவிடுவது மரியாதை.

போஸ் சாலை நடைக்கு ஒரு வழிகாட்டி முன்னால், ஓர் உதவியாள் கடைசியில். குடையைத் தூக்கிப் பிடித்தால் குழு பின்தொடரும் என்பது வெளிநாட்டு டூர் வீடியோ பார்த்து வந்த நம்பிக்கை. இங்கே குடை விற்பவரும் குடையைத் தூக்கித்தான் பிடித்திருப்பார். வண்ணத்துணி கட்டிய குச்சியும் பலிக்காது. வழி நெடுகப் புடவைக் கடைக்காரர்கள் அதைத்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். உருப்படியான வழி, கிளம்புமுன் அடுத்து சேர வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுவது: "பூக்கடை போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல எல்லாரும் நிக்கணும்." ஒவ்வொரு திருப்பத்திலும் தலை எண்ண வேண்டும். பத்து ஒன்பதானால் பதற்றம் வேண்டாம். காணாமல் போனவர் எப்போதும் வளையல் கடையிலோ கவரிங் கடையிலோதான் இருப்பார், பேரம் பாதியில் இருக்கும்.

மின்ட் தெருவுக்குள் ஒற்றை வரிசை. எதிரே மீன்பாடி வண்டி, பின்னால் தள்ளுவண்டி, நடுவில் ஸ்கூட்டர், இதையெல்லாம் பொருட்படுத்தாத ஒரு மாடு. "ஓரம்! ஓரம்!" என்று குரல் கேட்டால் எந்த ஓரம் என்று யோசிக்கக் கூடாது, நிற்கிற பக்கமே சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிக்குப் பிரேக் கிடையாது. தெருவைக் குறுக்கே கடந்து ஓடுகிறவர்தான் முட்டியில் அடி வாங்குவார். மெல்லிய ரப்பர் செருப்பும் தரையைக் கூட்டும் துப்பட்டாவும் இந்தத் தெருவுக்கு ஆகாது. கூட்டம் பயமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரலாம். மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தெரு அகலமாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வராமலிருப்பது உத்தமம். தேங்கிய தண்ணீரில் பள்ளம் எது, பாதை எது என்பது காலை வைத்தால்தான் தெரியும்.

முதல் நிறுத்தம் ஜிலேபி. காக்கடா ராம்பிரசாத் கடையில் மாலையில் சுடச்சுடப் போடுவார்கள். முதலில் கல்லாவில் பில், பிறகு அடுப்புப் பக்கம் வரிசை. பத்துப் பேரும் வரிசையில் நின்றால் தெரு அடைபடும். இரண்டு பேர் போனால் போதும். கூட்டத்தைப் பொறுத்து ஐந்தாறு நிமிடம் கிடைக்கும். மின்ட் வரலாற்றை அதற்குள் அடக்க வேண்டும். 1840களில் கம்பெனியின் நாணயச்சாலை இந்தத் தெருவின் வடகோடிக்கு வந்ததும், பிறகு அந்த இடத்தில் அரசு அச்சகம் நடந்ததும், வட்டிக்கும் வியாபாரத்துக்கும் வந்த குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் கூடவே இந்தக் கடாயையும் கொண்டுவந்ததும். "கடாய்" என்ற சொல் வரும்போது ஜிலேபியும் வந்தால் அந்த வழிகாட்டி கைதேர்ந்தவர்.

ஜிலேபி ஏன் காத்திருக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புளிக்கவைத்த மைதா மாவு நெய்யில் பொரியும்போது மேலே மொறுமொறுவென்று ஓடு கட்டி, உள்ளே குழாயாக வெற்றிடம் விடுகிறது. வெதுவெதுப்பான கம்பிப்பதப் பாகில் முக்கியதும் அந்தக் குழாய்க்குள் ஜீரா ஏறுகிறது. கடித்ததும் ஓடு உடைந்து ஜீரா பீய்ச்ச வேண்டும். பத்து நிமிடம் விட்டால் ஜீராவின் ஈரத்தில் ஓடு நனைந்துவிடும். நெய்யும் உறையத் தொடங்கும், மிஞ்சுவது இனிப்பான ரப்பர். இதைத் தெளிவாகச் சொன்ன பிறகும் மூன்று பேர் ஜிலேபியை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் படம் எடுப்பார்கள். படம் பிரமாதமாக வரும். பிறகு, "இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" என்பார்கள். கை துடைக்க டிஷ்யூ கொடுத்தால் ஜீராவில் ஒட்டி விரலுக்கு வெள்ளைத்தாடி முளைக்கும். ஈரத்துணியும் ஒரு பாட்டில் தண்ணியும்தான் வேலைக்காகும்.

அடுத்தது முறுக்கு சாண்ட்விச். இரண்டு கை முறுக்குக்கு நடுவே பச்சைச் சட்னி, வெள்ளரி, தக்காளி, வெங்காயம், மேலே சீஸ் துருவல். கையில் வாங்கிய இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டும். தக்காளிச் சாறு இறங்கினால் முறுக்கு நமுத்துவிடும். கடிப்பதில் ஒரு முறை உண்டு. முன்பல்லால் கடித்தால் முறுக்கு பிளந்து, வெள்ளரி எதிரே நிற்பவர் சட்டைக்குப் போகும். ஓரமாக, கடைவாய்ப் பல்லால், இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக் கடிக்க வேண்டும். வெள்ளைச் சட்டைக்காரரை யாருக்கும் எதிரே நிறுத்தாமல் இருப்பது வழிகாட்டியின் கடமை. இங்கே இரண்டே நிமிடத்தில் தட்டு வந்துவிடுவதால் வரலாறு கிடையாது.

வெங்காயம் பற்றி ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "பாவ் பாஜில ஏன் சார் வெங்காயமே இல்ல, விலை ஏறிடுச்சா?" விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜைனர்கள் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதையும் தொடமாட்டார்கள். அதனால் இந்தப் பக்கம் வாழைக்காயை மசித்துச் செய்யும் ஜைன் பாவ் பாஜி தனியாகக் கிடைக்கும். சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டு முடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களும் உண்டு. ஆறு மணிவாக்கில் சில கடைகளில் அவ்வளவு அவசரம் ஏன் என்றால் அதுதான். அந்த நேரத்தில் போய் வரிசையில் நின்றுகொண்டு, 'மெனுவில் எது ஸ்பெஷல்' என்று ஆராய்ச்சி நடத்தினால் பின்னாலிருக்கும் பாட்டியம்மா பார்க்கிற பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

பானிபூரிக் கடையில் தண்ணீர்ச் சந்தேகம். "இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?" என்று ஒருவர் கிசுகிசுப்பார். கேன் தண்ணியில் கரைக்கிற கடையாகப் பார்த்து வைத்திருப்பது வழிகாட்டியின் வேலை. அதைக் காட்டிவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் ஏழுகிணற்றை இழுத்துவிட வேண்டும். கோட்டையிலிருந்த வெள்ளைக்காரர்களுக்கும் இதே கவலைதான். 1772-இல் கேப்டன் பேக்கர் என்பவர் போட்ட திட்டத்தில் கிணறுகள் தோண்டி, இங்கிருந்துதான் கோட்டைக்குக் குடிதண்ணீர் கொண்டுபோனார்கள். கேட்டவர் தைரியமாகி வாயைத் திறப்பார். பூரியை முழுசாக உள்ளே தள்ள வேண்டும், பாதியாகக் கடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். குழுவில் ஒருவராவது நாகரிகமாகப் பாதி கடிப்பார். மீதிப் பாதி முழங்கை வழியாக இறங்கி வாட்ச்சுக்குள் போய்ச் சேரும். ஜிலேபி தின்ற நாக்குக்குப் புளிப்பு இரட்டிப்பாகத் தெரியும் என்பதால் நடுவில் இரண்டு மடக்கு வெறும் தண்ணீர் அவசியம்.

பாதி வயிறு நிரம்பியதும் ஒரு நடை தேவை. ராசப்ப செட்டி தெருவில் கந்தகோட்டம் வாசல்வரை போகலாம். அந்த நேரத்துக்கு எல்லோரும் கொஞ்சம் பேச்சைக் கேட்கும் நிலையில் இருப்பார்கள், ஓட முடியாது என்பதால். இளம் வயதில் வள்ளலார் இந்த முருகனைப் பாடிக்கொண்டிருந்ததும், வீராசாமி தெருவில் குடியிருந்ததும், 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கிப் பசித்தவருக்குச் சோறு போட்டதும், அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிவதும் இங்கே சொல்லலாம். சொல்லும்போது எல்லோரும் அவரவர் வயிற்றைத் தடவியபடி குற்ற உணர்ச்சியோடு நிற்பார்கள். அது சரியாக அடுத்த கடை வாசல்வரை நீடிக்கும்.

அடுத்த கடை சீனா பாய். போஸ் சாலையில், மாலை மட்டும் திறப்பது. நெய் பொடி இட்லி, ஊத்தப்பம், இரண்டே சமாச்சாரம். நெய்யில் கஞ்சத்தனமே கிடையாது; அதனால்தான் மூன்று பேருக்கு ஒன்று என்கிற சட்டம். நெய் பொடியோடு ஊறிய இட்லியைச் சூட்டோடு சாப்பிட வேண்டும். "நெய் கம்மியா போடுங்க அண்ணா" என்று இங்கே கேட்பதற்குப் பதில் வேறு கடைக்கே போய்விடலாம். காசு விஷயமும் ஒன்று: ஒவ்வொரு கடையிலும் பத்துப் பேர் பத்து ஜிபே அடித்தால், கல்லாக்காரர் பத்து முறை ஸ்பீக்கரைக் கேட்டுச் சரிபார்ப்பதற்குள் ஊத்தப்பம் ஆறிவிடும். மொத்தப் பணமும் முன்கூட்டியே வழிகாட்டி கையில் வந்துவிட வேண்டும். கொஞ்சம் பத்து, இருபது ரூபாய் நோட்டும் இருக்கட்டும், நெரிசலில் நெட்வொர்க் காலை வாரும்.

இங்கிருந்து பீச் ஸ்டேஷன் நடைதான் முழு நடையின் உயிர். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆட்டோ பிடிக்கலாமா என்று நான்கு பேர் கேட்பார்கள். பிடித்தால் அத்தோ இறங்காது. நடக்க வைப்பதற்கு ஹைகோர்ட் சிவப்புக் கட்டடமும் அதன் கோபுரத்து லைட்ஹவுசும் உதவும். 1892-இல் கட்டி முடித்தது என்று ஆரம்பித்தால் பாதித் தூரம் போய்விடலாம்.

1960களில் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளை நாட்டுடைமை ஆக்கியபோது, கப்பலேறித் திரும்பிவந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு அத்தோ. 1969-இல் வந்த பர்மா பஜாரும் அவர்களுக்காகத்தான். இதை வேகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அத்தோ பிசைய ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆரஞ்சு நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், கடலை மாவு, நொறுக்கிய பேஜோ என்கிற பொரித்த தட்டை. எல்லாம் ஒரு பாத்திரத்தில் விழுந்து கையாலேயே பிசைந்து வந்துவிடும். காரம் குறைவாக வேண்டுமானால் கை பாத்திரத்துக்குள் போவதற்கு முன்பே சொல்ல வேண்டும்; பிசைந்த பிறகு சொன்னால் அண்ணன் சிரிப்பார், அவ்வளவுதான். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் புளியும் அடைத்துத் தரும் முட்டை மசாலாவை ஒரே வாயில் போட வேண்டும். போட்ட பின் அரை நிமிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்த மாமா இங்கே வந்ததும் இரண்டு பார்சல் சொல்வார், வீட்டுக்காம். நூடுல்ஸைப் பிசையாமல் தனியாக, புளித்தண்ணியும் பூண்டு எண்ணெயும் தனித்தனிக் கவரில், பேஜோவைக் காகிதத்தில், சூப்பை வேறு கவரில் இரட்டை முடிச்சுப் போட்டு வாங்க வேண்டும். பிசைந்து வாங்கினால் தாம்பரம் வண்டியில் மாம்பலம் தாண்டுவதற்குள் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். மாமா பிசைந்துதான் வாங்குவார்.