மனிதவளப் படிப்பு: மூன்றாம் செமஸ்டர் குறிப்புகள்

செப்டம்பர் 4

இன்று வகுப்பில் மாதிரி நேர்காணல். ஆள் எடுக்கும் பக்கம் நான். கிடங்கில் சரக்கு இருப்பைக் கவனிக்கும் வேலைக்கு மூன்று நண்பர்கள் விண்ணப்பதாரர்களாக வந்தார்கள். ஒருவரிடம் பொழுதுபோக்கைக் கேட்டேன், இன்னொருவரிடம் பழைய வேலையை விட்ட காரணத்தை. கடைசியில், சரளமாகப் பேசியவரைத் தேர்ந்தெடுத்தேன். பேராசிரியர் கேட்டது ஒன்றுதான்: “சரக்கு இருப்பைப் பற்றி மூவரிடமும் என்ன கேட்டீர்கள்?”

ஒருவரிடமும் கேட்கவில்லை. பொய்யாக நடத்திய நேர்காணல்தான், ஆனாலும் மனது கேட்கவில்லை. இது நிஜ நேர்காணலாக இருந்திருந்தால் ஒருவர் வேலை இழந்திருப்பார்.

செப்டம்பர் 5

நூலகத்தில் முழு மாலையும் போனது. ஷ்மிட், ஹன்டர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1998-ல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மனதில் தோன்றியதைக் கேட்கும் நேர்காணலுக்கும் தேர்வானவர் பிறகு வேலை செய்யும் விதத்துக்கும் உள்ள பொருத்தம் 0.38. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போட்டால் 0.51. சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழு 2022-ல் இந்தக் கணக்கைத் திருத்தியது, எண்கள் 0.19, 0.42 என்று இறங்கின, இடைவெளி மட்டும் குறையவில்லை. முழுப் பொருத்தம் என்றால் 1. நான் நேற்று நின்றது அந்த 0.19-இல்.

செப்டம்பர் 11

மறுபடி மாதிரி நேர்காணல். ஐந்து கேள்விகள், மூவருக்கும் அதே வரிசை, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண். பதிவேட்டுக் கணக்கும் எண்ணிப் பார்த்த கணக்கும் பொருந்தாவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, சென்ற முறை அதிகம் பேசாதவர் படிப்படியாகப் பதில் சொன்னார். அவர்தான் முதலில் வந்தார். இதைவிட நியாயமான முறை இருக்க முடியாது என்று தோன்றியது.

செப்டம்பர் 19

ஹாதோர்ன் பாடம். அமெரிக்காவில் இருந்த அந்த ஆலையில் 1924-ல் விளக்கு வெளிச்சத்தை மாற்றிப் பார்த்துத் தொடங்கிய சோதனைகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது 1928-ல் தொடங்கிய பேட்டிகள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேசினார்கள். முதலில் தயார் செய்த கேள்விகளோடுதான் போனார்கள். தொழிலாளர்களோ அதை விட்டுவிட்டுத் தங்கள் கவலைகளைப் பேசினார்கள். சரி, அவர்கள் போக்கிலேயே பேசட்டும் என்று முறையையே மாற்றினார்கள்.

அப்படியானால் போன வாரம் நான் கற்றது? வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் கேட்டேன். ஆள் எடுக்கும்போது ஒப்பிட வேண்டும், அதனால் கேள்வி ஒன்றாக இருக்க வேண்டும்; குறை கேட்கும்போது ஒப்பிட எதுவுமில்லை என்றார்.

செப்டம்பர் 22

கணக்கியல் தேர்வு. பரவாயில்லை.

செப்டம்பர் 27

வேலையை விட்ட ஒருவரைச் சந்தித்துக் காரணம் அறிய வேண்டும் என்பது அசைன்மென்ட். தெரிந்த அக்கா ஒருவர் ஒப்புக்கொண்டார். எட்டுக் கேள்விகள் கேட்டேன். “சம்பளம் போதவில்லை” என்பதையே சுற்றிச் சுற்றிச் சொன்னார். நோட்டை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். மூன்று வருடம் ஷிப்ட் பட்டியல் போட்டது அவர். அதை ஒவ்வொரு வாரமும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேலே மாற்றிவிடுவார்களாம். “என்னைக் கேட்டிருந்தால் நானே மாற்றியிருப்பேனே” என்றார்.

படிவத்தில் காரணத்துக்கு ஐந்து கட்டங்கள்தான் இருந்தன. எதிலும் டிக் போடவில்லை. அவர் சொன்னதை அப்படியே பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.