மலைநாட்டில் உண்ணிக் காலம்: நாட்குறிப்பு

2023 ஜனவரி 12, சாகர தாலுகா, சிவமொக்கா மாவட்டம், கர்நாடகம்

பாக்குத் தோட்டங்களை ஒட்டிய காட்டு விளிம்பில், வெள்ளை ஃபிளானல் துணியைச் சருகின் மீது மெல்ல இழுத்துக்கொண்டு காலை முழுவதும் நடந்தோம். சில அடிகளுக்கு ஒருமுறை துணியைப் புரட்டிப் பார்த்தால், எள்ளில் பாதிகூட இல்லாத பழுப்புப் புள்ளிகள் எட்டுக் கால்களாலும் இழைகளைப் பற்றிக்கொண்டு ஊர்வது தெரிகிறது. இவை ஹீமஃபைசாலிஸ் ஸ்பைனிஜெரா என்னும் இனத்தின் இளம் உண்ணிகள். இவ்வூரார் 'மங்கன காயிலெ' (குரங்கு நோய்) என்று சொல்லும் கியாசனூர் காட்டு நோயை மனிதருக்குக் கொண்டுவருவதில் முதன்மையானவை இவையே. ஏறத்தாழ டிசம்பரிலிருந்து மே வரை இவை மிகுந்திருக்கும். தோட்டத்துக்கு எருவாகவும் மாட்டுக் கொட்டிலில் பரப்பவும் தழையும் சருகும் சேகரிக்க மக்கள் காட்டுக்குள் செல்வதும் இதே மாதங்களில்தான். அந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள் என்று அவர்களிடம் சொல்வது எவருக்கும் எளிது. ஆனால் மழை பிடித்துவிட்டால் காய்ந்த சருகு கிடைக்காது.

2023 ஜனவரி 21

1957இல் சொரப தாலுகாவின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றுப்புறக் கிராமங்களில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் தாங்க முடியாத தசைவலியும் பரவின. தென் அமெரிக்கக் காடுகளில் குரங்குகளைக் கொல்லும் மஞ்சள் காய்ச்சல் ஆசியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்பதுதான் முதலில் எழுந்த அச்சம். புனேயிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தினர் கிருமியைப் பிரித்தெடுத்தபோது, அது உண்ணிகளால் பரவும் ரஷ்ய மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவானது என்று தெரியவந்தது. வலசைப் பறவைகள் வடக்கிலிருந்து அதைச் சுமந்து வந்திருக்கலாம் என்ற ஐயத்தால், உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் சலீம் அலி பெரிய அளவில் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்தார். அந்த ஐயத்துக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. 1990களில் சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்ட அல்குர்மா வைரஸ் இதன் மிக நெருங்கிய உறவு. இரண்டும் பிரிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருக்கும் என்று மரபணு ஒப்பீடுகள் காட்டுகின்றன. ஆகவே 1957 என்பது நாம் இந்த வைரஸை அறிந்த ஆண்டே தவிர, அது பிறந்த ஆண்டு அன்று.

2023 பிப்ரவரி 4

'வைரஸ் உருமாறிவிட்டதா?' என்று மாலைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த வைரஸின் மரபுப்பொருளான, சுமார் 11,000 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. தன்னைப் படியெடுக்கும்போது பிழைகள் நேர்ந்துகொண்டே இருக்கின்றன. எனினும் உண்ணியின் உடலிலும் பாலூட்டியின் உடலிலும் மாறி மாறிப் பிழைக்க வேண்டியிருப்பதால், அப்பிழைகளில் பெரும்பாலானவை நிலைப்பதில்லை. மேலும், உண்ணி தன் வாழ்நாளில் வளர்ச்சிப் பருவம் ஒவ்வொன்றிலும் ஒருமுறையே இரத்தம் குடிக்கிறது. முட்டையிலிருந்து வந்த ஆறுகால் குஞ்சு, நோயுற்ற குரங்கிடமோ சிறு விலங்கிடமோ வைரஸைப் பெற்று, தோலுரித்து எட்டுக்காலியாகி, அடுத்த உயிரைக் கடிக்கும்வரை மாதக்கணக்கில் அதைத் தனக்குள் வைத்திருக்கிறது. கொசுவால் பரவும் டெங்கு போன்ற உறவினர்களைக் காட்டிலும் உண்ணி வழி வைரஸ்கள் மெதுவாக மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் கருத்தில், இந்நோயின் பரவலை விளக்கும் பெரிய மாற்றம் காட்டில்தான் இருக்கிறது. மாடுகள் இந்த வைரஸைப் பெருக்குவதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிகளுக்கு இரத்தம் தருபவை அவையே. காட்டின் நடுவே வயலும் தோட்டமும் மேய்ச்சலும் புகப்புக, உண்ணியும் குரங்கும் மாடும் மனிதரும் சந்திக்கும் விளிம்பு நீள்கிறது. 1980களின் தொடக்கத்தில் தட்சிண கன்னட மாவட்டத்தின் பெள்தங்கடிப் பகுதியில் முந்திரித் தோட்டத்துக்காகக் காடு அழிக்கப்பட்டதைத் தொடர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இதை வைரஸின் வீரியம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

2023 பிப்ரவரி 17

நெடுங்காலம் சிவமொக்காவோடும் அண்டை மாவட்டங்களோடும் நின்றிருந்த நோய், 2012இல் பந்திப்பூரில் இறந்த குரங்குகளை எரித்த பணியாளர்களைத் தாக்கியது. பின்னர் வயநாடு, கோவாவின் சத்தரி, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் என மேற்கு மலைத்தொடர் நெடுகிலும் தென்பட்டது. நம் நீலகிரியிலும் இறந்த குரங்கில் இவ்வைரஸ் கண்டறியப்பட்டிருக்கிறது. கண்காணிப்பும் பரிசோதனையும் கூடியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கும்.

2023 மார்ச் 6

தோட்டத்து ஓரத்தில் ஒரு மந்தி இறந்து கிடப்பதாக 'ஆஷா' எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். 'பக்கத்தில் போகாதீர்கள் அக்கா, யாரையும் விடவும் வேண்டாம்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். உடல் குளிரத் தொடங்கியதும் உண்ணிகள் இறங்கிச் சருகில் பரவிவிடுவதால், இறந்த குரங்கைச் சுற்றியுள்ள தரைதான் மிகவும் ஆபத்தானது. மாதிரிகளைச் சேகரித்த பிறகு உடலை எரித்து, அந்த இடத்தைச் சுற்றி 50 அடி தூரம்வரை மாலத்தியான் என்னும் பூச்சிக்கொல்லித் தூளைத் தூவினோம்.

1990 முதல் போடப்பட்டுவந்த தடுப்பூசி, பலன் குறைந்துபோனதால் நிறுத்தப்பட்டுவிட்டது. புதியது இன்னும் வரவில்லை. உண்ணி அண்டாமலிருக்கத் தோலில் பூசும் டெப்பா எண்ணெய்தான் இப்போது மக்களின் கையில் இருக்கிறது. மந்தி கிடந்த இடம் நான்கு வீட்டார் தழை எடுக்கும் பாதையில் இருப்பதால், அதை மழை வரும்வரை மூடச் சொல்லியிருக்கிறோம். 'அப்படியானால் கொட்டிலுக்கு எதைப் பரப்புவது?' என்று ஒரு பெரியவர் கேட்டார். வேறு இடத்திலிருந்து அவர்களுக்குச் சருகு ஏற்றிவரும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று இன்றைய அறிக்கையில் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.