அம்மா என் காதைப் பார்த்துப் பேசுகிறார்

கண் மருத்துவர் அம்மாவின் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி, "வடு விழுந்துவிட்டது, இனி ஊசி போட்டுப் பயனில்லை, ஆறு மாதம் கழித்து வந்து காட்டுங்கள்" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அம்மா நன்றி சொல்லிவிட்டு எழுந்து, கதவு இருந்த பக்கம் சரியாகவே நடந்தார். வெளியே வந்த பிறகுதான் "அப்ப நான் இனிமே என்ன பண்ணணும்னு கேட்டியா?" என்றார். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி, அதை மாக்குலா என்பார்கள், கெட்டுவிட்டது. ஓரப் பார்வை நன்றாக இருக்கிறது. யாரோ வருகிறார்கள் என்று தெரியும், யார் என்று தெரியாது. இங்கே சிங்கப்பூரில் வரும் தமிழ் முரசு நாளிதழின் பெரிய தலைப்பு தெரியும், அதற்குக் கீழே இருப்பது மங்கல். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஆகாது. கண்ணாடி, அறுவை, ஊசி எல்லாம் செய்த பிறகும் மீளாமல் நிற்பதைத்தான் குறைபார்வை என்கிறார்கள். முழுக்கத் தெரியாமல் போவது வேறு, இது வேறு.

அதுவரை பணத்துக்காக நாங்கள் திண்டாடியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கண்புரை அறுவைக்கு மெடிசேவ் இருந்தது, அது சம்பளத்திலிருந்து பிடித்து மருத்துவச் செலவுக்கென்று சேர்க்கும் கணக்கு. மெடிஷீல்டு லைஃப் இருந்தது, அது எல்லாருக்குமான அரசு மருத்துவக் காப்புறுதி. ஊசிகளுக்கும் மெடிசேவிலிருந்து எடுத்தோம். அம்மா 1951இல் பிறந்தவர், 1950களில் பிறந்தவர்களுக்கான மெர்டேக்கா தலைமுறைச் சலுகை உள்ளவர், அதனால் ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் மானியம் போக மீதித் தொகையில் இன்னும் 25 விழுக்காடு கழிவு. கண்ணைக் காப்பாற்றும் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காப்பாற்ற முடியவில்லை என்று ஆன அன்றைக்கு அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றுபோனது.

அடுத்த எட்டு மாதம் அம்மா வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ஒருநாள் கோப்பையில் வெந்நீர் ஊற்றும்போது கையில் ஊற்றிக்கொண்டார், அதோடு சமையலை விட்டார். ஈசூன் முருகன் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார், எதிரே வருபவர் வணக்கம் சொல்லும்போது யாரென்று தெரியாமல் விழிப்பது அவருக்கு அவமானமாக இருந்திருக்கிறது. எங்களிடம் "முட்டி வலி" என்றார். நாங்களும் நம்பினோம்.

குறைபார்வைக்குத் தனியாக ஒரு கிளினிக் உண்டு, பயிற்சி உண்டு என்று சொன்னவர் மருத்துவர் இல்லை, கோயிலில் பழக்கமான ஒரு அம்மா. அவர் கணவர் தோ பாயோ ரைஸில் உள்ள பார்வையற்றோர் சங்கத்துக்குப் போய்வருகிறாராம். அம்மா பிறந்த அதே 1951இல் தொடங்கிய சங்கம், கால்டிகாட் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். இத்தனை வருடம் அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், உள்ளே என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

பயிற்சி என்றதும் நான் பிரெயில், வெள்ளைக் கைத்தடி என்றுதான் நினைத்தேன். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. முதல் பாடம், நேராகப் பார்க்காதே. நடுவில் கெட்டுப்போன இடத்தை ஒதுக்கிவிட்டு, அதற்குப் பக்கத்தில் நல்லாயிருக்கும் விழித்திரையில் படம் விழுகிற மாதிரி பார்வையைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். அம்மாவுக்கு எந்தப் பக்கம் ஒத்துவருகிறது என்று கண்டுபிடிக்கவே இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. இப்போது அம்மா என் காதைப் பார்க்கிறார், அப்போது என் முகம் அவருக்குத் தெரிகிறது. "உனக்கு இவ்ளோ நரைச்சிடுச்சா" என்று கேட்டார். அன்று நான் அழுதுவிட்டேன்.

அப்புறம் அடுப்படி. கறுப்புக் கோப்பியை வெள்ளைக் கோப்பையில் ஊற்றினால் எதுவரை நிறைந்தது என்று தெரியும். வெங்காயத்தைக் கறுப்புப் பலகையில் வைத்து வெட்டினால் கத்தி எங்கே, வெங்காயம் எங்கே என்று தெரியும். அடுப்புக் குமிழில் அணைக்கும் இடத்துக்கு நேரே ஆரஞ்சு நிற டேப். விளக்கை உச்சியிலிருந்து எடுத்துத் தோளுக்குப் பின்னால், படிக்கும் தாளில் விழுகிற மாதிரி வைத்தோம். இதற்கெல்லாம் ஆன செலவு ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவுதான், ஆனால் யாராவது வந்து சொல்ல வேண்டுமே.

படிப்பதுதான் கஷ்டம். பூதக்கண்ணாடியைத் தேர்ந்தெடுக்க ஆங்கில எழுத்து அட்டையைக் காட்டினார்கள், அம்மாவுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். அடுத்த முறை வரும்போது முரசு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார் பயிற்சியாளர், அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கேட்டார். தமிழில் புள்ளி சின்னது. புள்ளி மறைந்தால் 'கல்' 'கல' ஆகிவிடும், 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரியும். ஆங்கிலத்துக்குப் போதுமான பெரிதாக்கல் தமிழுக்குப் போதவில்லை. அம்மாவுக்கு அதைவிடக் கூடுதல் சக்தியுள்ள, விளக்கு வைத்த பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

சரி, காப்புறுதிக்கு வருகிறேன். மெடிஷீல்டு லைஃப் பெரிய மருத்துவமனைக் கட்டணங்களுக்காக ஏற்பட்டது. வார்டு, அறுவை, வெளிநோயாளி என்றால் டயாலிசிஸ், கீமோ மாதிரி செலவு அதிகமான சில சிகிச்சைகள். வெளிநோயாளியாகப் போய்க் குறைபார்வைப் பயிற்சி எடுப்பதும், பூதக்கண்ணாடியும் அந்தப் பட்டியலில் இல்லை. அம்மாவிடம் எல்டர்ஷீல்டு இருக்கிறது, தானாக இயங்க முடியாமல் போனவருக்கு மாதாமாதம் பணம் தரும் காப்புறுதி அது, அதில் ஏதாவது வருமா என்று பார்த்தேன். எல்டர்ஷீல்டானாலும் 2020இல் வந்த கேர்ஷீல்டு லைஃப் ஆனாலும் அளவுகோல் ஒன்றுதான். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்ற ஆறில் மூன்றைப் பிறர் உதவியில்லாமல் செய்ய முடியாமல் இருக்க வேண்டும். அம்மா ஆறையும் செய்வார், சேலைகூட அழகாகக் கட்டுவார். மாத்திரை அட்டையைப் படிக்க முடியாது, பேருந்து எண் தெரியாது, ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியாது, பத்து வெள்ளித் தாளா ஐம்பதா என்று தடவித் தடவிப் பார்ப்பார். இதில் எதுவும் அந்த ஆறில் இல்லை.

ஒன்றுமே கிடையாது என்று சொல்ல மாட்டேன், அது உண்மையில்லை. உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபிள் அமைப்பு நிர்வகிக்கும் உதவித் தொழில்நுட்ப நிதி, தகுதி உள்ளவர்களுக்குச் சாதன விலையில் 90 விழுக்காடு வரை தருகிறது, வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மேசைக் கருவி ஆயிரக்கணக்கில் விலை, அதற்கெல்லாம் இது பெரிய உதவி. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு இவ்வளவு வருமானம் என்று கணக்குப் பார்ப்பார்கள், வேலைக்குப் போகும் பிள்ளைகளோடு இருக்கும் அம்மாவுக்கு அங்கேயே இடிக்கிறது. முதலில் விண்ணப்பம், பிறகுதான் வாங்க வேண்டும், இதையும் மறக்காதீர்கள். என் தம்பி அவசரப்பட்டுக் கையடக்கக் கருவி ஒன்றை வாங்கிவிட்டு வந்து நின்றான், அந்தப் பணம் போனது போனதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை மகளின் மாமனாருக்கும் இதே கண் நோய். அங்கே 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மெடிகேரில், மருத்துவர் எழுதிக்கொடுத்தால் தொழில்வழி சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்) தரும் குறைபார்வைப் பயிற்சிக்குப் பணம் கிடைக்கும், வழக்கமாக 80 விழுக்காடு. ஆனால் பூதக்கண்ணாடிக்குக் கிடைக்காது, லென்ஸ் உள்ள எந்தக் கருவியும் மூக்குக்கண்ணாடிக் கணக்கில் போய்விடும் என்று 2008இல் விதி எழுதிவிட்டார்கள். அங்கே பயிற்சிக்குப் பணம், கருவிக்கு இல்லை. இங்கே கருவிக்கு மானியம், பயிற்சியோ பெரும்பாலும் அறநிறுவனங்களின் தோளில். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு ஆள் அடுப்படிக்குத் திரும்ப முடியும்.

இதே அம்மா கண் தெரியாமல் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைக்கும் வார்டுக்கும் மெடிஷீல்டு லைஃப் கொடுக்கும், அதற்குப் பிறகு பகல்நேர மறுவாழ்வு நிலையத்தில் நடக்கப் பழகுவதற்கு மெடிசேவும் பயன்படுத்தலாம். விழாமல் இருக்கப் பழகுவதற்கு ஏன் கூடாது? கால் போனவருக்கு நடைப்பயிற்சி சிகிச்சையின் ஒரு பகுதி என்றால், பார்வை போனவருக்குப் பார்க்கப் பழகுவதும் சிகிச்சைதானே. மெடிசேவ் என் அம்மா உழைத்துச் சேர்த்த பணம். அதில் கொஞ்சத்தை இதற்கு எடுக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். எங்கள் தொகுதி எம்பியைச் சந்தித்து இதைச் சொல்லி, கடிதமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் யாருக்காவது "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று சொல்லியிருந்தால், அடுத்த முறை போகும்போது குறைபார்வை கிளினிக்குக்குப் பரிந்துரை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பொது மருத்துவமனைகளின் கண் பிரிவுகளிலும் இருக்கிறது. எட்டு மாதம் காத்திருக்காதீர்கள்.

வியாழக்கிழமை காலை பயிற்சியாளர் வீட்டுக்கு வருகிறார், புளோக்கிலிருந்து கோயில் வரைக்கும் அம்மாவோடு நடந்து பார்க்க. "நீ லீவு போடாதே, நான் போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார் அம்மா.