தொங்கும் கை

பீரங்கியை மாட்டியதும் வில்லனின் வலது கை தொங்கிவிட்டது.

கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சியில் அண்ணன் மகன் அடம்பிடித்து வாங்கிய வெள்ளி நிற ரோபோ. உருமாறும் ரோபோ பொம்மைகளான டிரான்ஸ்ஃபார்மர்ஸின் வில்லன் மெகாட்ரானின் பெயரில்லாத நகல்.

1984-இல் வந்த அசல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் மெகாட்ரான், வால்தர் பி38 கைத்துப்பாக்கியாக மாறும். துப்பாக்கியின் மேல் பொருத்தும் குறிநோக்கிதான், ரோபோவாக நிற்கும்போது அவனுடைய கைப்பீரங்கி. ஒரே துண்டுக்கு இரண்டு வேலை! பொம்மைத் துப்பாக்கிகளுக்குக் கெடுபிடி கூடிய 1990-களில் அவனையே டாங்கியாக மாற்றிவிட்டார்கள்.

இந்த நகலோ எதுவாகவும் மாறாது. பீரங்கியும் வெறும் பீரங்கி. விலையைக் குறைப்பவர்கள் முதலில் வெட்டுவது யோசனையைத்தான் போலிருக்கிறது.

கூட வந்த வாள் மட்டும் உறுதி. அதைக் கொண்டு செந்தூரா மாம்பழத்தை அறுக்க முடியுமா என்றும் பார்த்தாகிவிட்டது.

முடியாது. அண்ணியிடம் திட்டு கிடைக்கும்.